கசத்து மோகினியின் பதினோராவது ரீல்

பத்து ரீல் ஓடி முடிந்தாயிற்று, இன்னும் இரண்டு, அந்த இரண்டில் வெட்ட வேண்டியது இந்த ஒன்றுதான். மேலே கேபினில் ஆபரேட்டர் மைதீன் பாய் பதினோராவது டப்பாவின் மூடி துருவேறித் திறக்காமல் விளிம்பைச் சுற்றிக் கரண்டிக் காம்பால் தட்டுகிற சத்தம் சுவரின் சதுர ஓட்டை வழியாகக் கீழே வந்தது, டொக், டொக், திறக்காதே, துருவேறியே கிட, உள்ளே பிலிம் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிக் கிட என்று, மதுரையில் படம் போட்டுப் பார்க்கிற சின்ன ஹாலின் மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சீனியம்மாள் மனசுக்குள் சொன்னாள், சொன்ன கையோடு, சேச்சே திறக்கட்டும், திறந்தால்தானே வெட்ட முடியும் என்று அவளே அதை அடித்தாள். பைக்குள் வெற்றிலைப் பொட்டலம், கண்ணாடிக் கூடு, கசங்கின பஸ் டிக்கெட்டுகள், எல்லாவற்றுக்கும் அடியில் தையல்காரர்கள் வைத்திருக்கிற பெரிய கத்திரிக்கோல். பதினேழு பெட்டியை, ஒரே படத்தின் பதினேழு பிரிண்டை வெட்டிய கத்திரிக்கோல். ஒவ்வொன்றிலும் நாற்பது அடி, அதாவது எட்டு பாகம், இரண்டு கையையும் விரித்து நெஞ்சுக்குக் குறுக்கே பிலிமை இழுத்துப் பிடித்தால் ஒரு பாகம், அப்படி எட்டு. இது பதினெட்டாவது பெட்டி, கடைசி. நேற்றே முடிந்திருக்க வேண்டிய வேலை. அபிராமத்தில் மூடிக்கிடக்கும் தியேட்டர்காரர் வீட்டில் மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினாள், அந்த மனுஷன் நிமிஷத்துக்கொரு தரம் உள்ளே போய்ப் பெண்டாட்டியிடம் கேட்டுக் கேட்டு வந்தார், கடைசியில் இவள், ‘விடுங்க, ஒழுகுற கூரைக்கடியில வச்சு நீங்களே கும்பிடுங்க’ என்று செருப்பை மாட்டிய பிறகுதான் பெட்டி வாசலுக்கு வந்தது. வரும் வழியில் ஏதாவது மரத்தடியில் வேனை நிறுத்திக் காரியத்தை முடித்திருப்பாள். ஆனால் எப்படியோ மோப்பம் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் வந்து நின்றான் இளம்பரிதி, சென்னையிலிருந்து, பழைய பேய்ப்படங்களைத் தேடி எடுத்துப் புதுப்பிக்கிற ஏதோ சங்கமாம், நாற்பது வயசு, முகத்தில் பாதிக்குக் கண்ணாடி, வேனில் பெட்டியைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டவன் மதுரை வருகிறவரை டீ குடிக்கக்கூட இறங்கவில்லை.

“மேடம், கசத்து மோகினி கல்ட் படம் மேடம்” என்றான் வேனில்.

“கல்தாவா? அதெல்லாம் ரிலீசான வாரமே குடுத்துட்டாங்க தம்பி.”

சிரித்தான். அவன் சிரிக்காமல் இருந்திருந்தால் அப்போதே பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கியிருப்பாள். சிரித்துவிட்டு, ஒன்பது வருஷமாக இதைத் தேடுகிறேன் என்றான், பழைய பத்திரிகை ஒன்றில் ஒரே ஒரு போட்டோ பார்த்தேன், மோகினி தண்ணீருக்குள்ளிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டுகிற போட்டோ, அந்தக் கண்ணு மேடம், அப்படி ஒரு கண்ணை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை, யார் அந்த அம்மான்னே தெரியல, இருக்காங்களோ இல்லையோ. இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே கருவேலமரமாக ஓடியது. மொத்தம் பதினெட்டு பிரிண்ட் போட்டாங்க மேடம், நெகடிவ் எப்பவோ அழிஞ்சுபோச்சு, மத்த பதினேழு பிரிண்டையும் எந்தப் படுபாவி வாங்கி வெள்ளிக்கு உருக்கினானோ தெரியல என்றான் அடுத்தாற்போல, அந்தப் படுபாவி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருப்பது தெரியாமல். அவள் முறுக்கை மென்று விழுங்கிவிட்டு, ஆமா, பாவிகதான் என்றாள். அதோடு நின்றிருக்கலாம். ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு விலை கொடுத்து எடுத்துப் போகிறேன் என்று அவன் கேட்டபோது முடியாது என்றிருக்கலாம், நாற்பத்தைந்து வருஷமாக ஊரில் எல்லோரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகின வாய், அந்த நேரம் பார்த்து, சரி ஓட்டு என்றது. அந்தக் கண்ணு என்றானே, அதனாலா. சீ. பல்லுப்போன வயசில் இது என்ன கேடு. இல்லை, அதனால் இல்லை, பெட்டி மைதீன் பாய் கைக்கு வந்துவிட்டால் ரீலைக் கீழே வாங்கி வெட்டிவிடலாம் என்ற கணக்கில்தான் சரி என்றாள், அப்படித்தான், ஆனால் காலையிலிருந்து ஒவ்வொரு ரீலுக்கும் இவன் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, மாற்றுகிற இடைவெளியில் கேபினுக்கு ஓடி டப்பாவைத் தடவிக்கொண்டு, ஒரு நிமிஷம் தனியாக விடவில்லை. இதோ, வந்துவிட்டது.

விளக்கு அணைந்தது. வெள்ளைச் சுவரில் கீறல் மழை பெய்தது, கீறலுக்குள்ளிருந்து பாறை, பாறைக்கு நடுவில் கருப்பாகத் தண்ணீர். கசம். அழகர்மலை அடிவாரத்தில் கல்லுடைத்துக் கல்லுடைத்துப் பூமிக்குள் ஐம்பதடி இறங்கி, ஊற்றுக்கண் திறந்து நிறைந்து போய்க் கைவிட்ட குழி. இவள் அதற்கு அடுத்த குழியில் ஜல்லி சுமந்துகொண்டிருந்தாள், பத்தொன்பது வயசு, தலையில் சும்மாடு, கால் பெருவிரலில் நகம் இல்லை. மோகினியாக நடிக்க வந்த பட்டணத்து நடிகை கசத்தை ஒரு தரம் எட்டிப்பார்த்துவிட்டு அன்றைக்கே ரயிலேறிவிட்டாள். நீச்சல் தெரிந்த பெண்பிள்ளை யாராவது உண்டா என்று மேஸ்திரியிடம் கேட்டார்கள். மேஸ்திரி இவளைக் கைகாட்டினான். ஒன்பது நாள். வெள்ளைப்புடவை, முகத்தில் அரிசிமாவு, தண்ணீருக்கடியில் மூச்சுப்பிடித்துக் கிடந்து, மேலே டைரக்டர் தகரத்தைத் தட்டினதும் மெதுவாக எழும்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை, கல் சுமக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலை என்று நினைத்தாள். சுவரில் அட்டை வவ்வால் ஒன்று நூலில் ஆடிக்கொண்டே குறுக்கே போயிற்று. நூல் தெரிந்தது. இளம்பரிதி சந்தோஷத்தில் தொடையைத் தட்டினான். கிறுக்கன். ஆனால் காலையிலிருந்து இவளும்தான் சிரித்தாள், தலையில் எண்ணெய் வழிய வந்த கதாநாயக டாக்டர் எலும்புக்கூட்டிடம் நலம் விசாரித்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், ஏழாவது ரீலில் அந்தக் கொலைகாரக் கணக்குப்பிள்ளை விளக்கோடு படியிறங்க, அவன் நிழல் மட்டும் திரும்பி மேலே ஏறிப் போனபோது இவளுக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. நல்லாத்தான் எடுத்திருக்கார் அந்த டைரக்டர். இருமிக்கொண்டே இருப்பார், கையில் ஒரு குவளை, அதில் துப்பிவிட்டுத்தான் பேசுவார், யாரையும் வாடி போடி என்று கூப்பிட்டதில்லை. ரிலீசான மறுவருஷம் செத்தார். இந்தப் படத்தை இவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பதினேழு தடவை வெட்டியிருக்கிறாள், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பார்க்க எப்படி மனசு வரும். ஆறாம் நாள் சாயங்காலம் கட் என்றார்கள், லைட்டை அணைத்தார்கள், டைரக்டர் முதல் காரில் போய்விட்டார். இவள் ஈரத்தோடு கரையேறி, இரண்டு பெண்கள் போர்வையைப் பிடித்துக்கொள்ள அதற்குப் பின்னால் நின்று துணி மாற்றினாள், மேலே பாறையில் புரொடியூசருடைய ஆள் இன்னொரு கேமராவோடு படுத்திருந்தது தெரியாது. போர்வை முன்பக்கம்தான் மறைத்தது. ‘யாரும் பாக்கலடி, சீக்கிரம் மாத்து’ என்றாளுகள் அந்த இரண்டு பேரும். படம் வெளியாகிப் படுத்துவிட்டதும் அந்தத் துண்டைத் தனித்தனியாகச் சின்ன டப்பாவில் போட்டுத் தியேட்டர் தியேட்டராக அனுப்பினார்கள், பிட்டு என்று அதற்குப் பேர், சென்சார்காரர்கள் பார்க்காத பிட்டு, ஆபரேட்டர் பதினோராவது ரீலில் ஒட்டிக்கொள்ள வேண்டியது. கொட்டகை நிறைந்தது. இவளுக்குத் தெரிந்தது எப்படி என்றால், ஒரு காலையில் குவாரியில் ஜல்லிக்கூடையை எடுக்கக் குனிந்தபோது சுற்றிலும் சுத்தியல் சத்தம் நின்றது. அத்தனை சுத்தியலும். குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள், நாற்பது ஆம்பிளைகளும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரி டிரைவர் ஒருத்தன் மட்டும், ‘கசம் வருதுடோய்’ என்றான். அன்றைக்கே கூடையை அங்கேயே கவிழ்த்துவிட்டு மதுரைக்கு வந்தவள்தான், விநியோகஸ்தர் ஆபீசில் டப்பா கழுவி, போஸ்டர் மடித்து, எந்தப் பெட்டி எந்த ஊரில் தூங்குகிறது, கருப்புவெள்ளைப் பிலிமைக் கரைத்தால் வெள்ளி எடுக்கலாம் என்பதெல்லாம் கற்று, பழைய பெட்டி வாங்குகிற சீனியம்மாள் ஆனாள். பேரில் மட்டும்தான் சீனி என்பார்கள் பஜாரில். சொல்லிக்கொள்ளட்டும். சண்டை போட்டாள், பேரம் பேசினாள், ஒருத்தனை ஆபீஸ் வாசலில் வைத்து டப்பா மூடியால் அடித்தாள், எல்லாம் இந்தப் பெட்டிகளுக்காகத்தான், உசிலம்பட்டியில் முதல் பெட்டி, பிறகு சாத்தூர், பரமக்குடி, கம்பம், ஒவ்வொன்றாக, வருஷத்துக்கு ஒன்று, சில வருஷம் ஒன்றுகூட இல்லை.

மொட்டைமாடி வெயிலில்தான் வெட்டுவாள். படத்தைப் பார்க்கமாட்டாள், அந்தச் சின்னச் சின்னச் சன்னல்களுக்குள் இருக்கிறவளைப் பார்க்கவே மாட்டாள். பிலிமின் ஓரத்தில் ஒலிக்கோடு ஓடும், பேச்சோ பாட்டோ இருந்தால் அது மீன்முள் மாதிரி நடுங்கிக்கொண்டே போகும், பிட்டில் சத்தம் கிடையாது, அதனால் அந்த இடம் வந்ததும் கோடு நடுங்காமல் நேராகும். அந்தக் கோட்டை மட்டும் பார்ப்பாள். நேராகிற இடத்தில் ஒரு வெட்டு, மறுபடி நடுங்க ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு வெட்டு, எட்டு பாகம், முடிந்தது, அதைத் தனியே அமிலத்தில் போட்டுவிட்டு மிச்சத்தைக் கரைக்க அனுப்புவாள். கோடு பொய் சொல்லாது. பதினேழு தடவையும் எட்டு பாகம், ஒரு விரல்கடை கூடக்குறைய இருந்ததில்லை. சுவரில் கணக்குப்பிள்ளை கசத்தங்கரைக்கு வந்துவிட்டான், கையில் அரிக்கேன், பின்னணியில் பிடில் கிறீச்சிடுகிறது, இன்னும் ஒரு நிமிஷம் இருக்குமா, இருக்காது, தண்ணீர் அசைகிறது, இவள் உள்ளே மூச்சைப் பிடித்துக் கிடக்கிறாள், அந்தக் குளிர், காதுக்குள் நீர் அடைத்துக்கொண்ட ம்ம் என்கிற சத்தம், இப்போது இந்த இரும்பு நாற்காலியிலும் அதே சத்தம். எழுந்து போய் சுவருக்கு முன்னால் நின்றால் என்ன. நின்றால் அது இவள் மேலேயே விழும், முதுகில், நரைத்த தலையில், பத்தொன்பது வயசு முதுகு அறுபத்தைந்து வயசு முகத்தில் விழும், அதை அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பான். வேண்டாம். கத்த வேண்டும். நிறுத்து பாய் என்று ஒரு சத்தம் போட்டால் போதும், இந்தத் தொண்டைக்கு உசிலம்பட்டி சந்தையே திரும்பியிருக்கிறது, ஆனால் என்னவென்று சொல்லி நிறுத்துவது. தண்ணீருக்குள்ளிருந்து தலை எழும்புகிறது. இளம்பரிதி முன்னால் குனிந்தான். பிடில் அறுந்தது. டுக் என்று ஒரு சத்தம், ஒட்டுப் போட்ட இடம் மெஷினைத் தாண்டுகிற சத்தம், அதற்கப்புறம் ஒன்றுமில்லை, மௌனம், வந்துவிட்டது, அவள் கைப்பையோடு எழுந்தாள்.

சுவர் இருண்டது.

விளக்குப் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை, மேலே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, கடகடவென்று, பிலிம் போய்க்கொண்டிருந்தது, சதுர ஓட்டையின் விளிம்பில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது. “பாய், என்னாச்சு பாய், லென்ஸை எதுவோ மறைக்குது!” என்று இளம்பரிதி கத்தினான். மேலேயிருந்து கடகட. இருட்டில் அவளுடைய முதுகு, போர்வை, பாறை எல்லாம் யாருக்கும் தெரியாமல் ஓடிப் போய்க்கொண்டிருந்தன, ஒரு பாகம், இரண்டு, அவள் கை தன்னையறியாமல் அகன்று மூடி அகன்று மூடி எண்ணியது, நான்கு, ஐந்து, ஆறு, இன்னும் இரண்டு இருக்கிறது என்று அவள் எண்ணும்போதே மறுபடி டுக் என்றது, சுவரில் வெளிச்சம் வந்தது.

முகம். சுவர் முழுக்க ஒரு முகம். தண்ணீர் சொட்டுகிற முடி, மாவு கரைந்து தோல் தெரிகிற கன்னம், உதட்டில் வெடிப்பு. சத்தமில்லை, பிடில் இல்லை, ஆந்தை இல்லை, டைரக்டர் வேண்டுமென்றே ஒரு சத்தமும் வைக்காமல் விட்டிருந்தார். மோகினி அலறவில்லை, பல்லைக் காட்டவில்லை, நேராகப் பார்த்தாள், கணக்குப்பிள்ளையைப் பார்த்தாள், இளம்பரிதியைப் பார்த்தாள், சீனியம்மாளைப் பார்த்தாள். சீனியம்மாளுக்கு அந்தப் பார்வையைத் தெரியும். அபிராமத்தில் நேற்று அதைத்தான் பார்த்தாள், சாத்தூரிலும் பரமக்குடியிலும் அதைத்தான், நீ சொல்கிற விலைக்கு நான் படியமாட்டேன் என்கிற பார்வை. ஏழாம் நாள் காலையில் எடுத்தது. இப்போது ஞாபகம் வருகிறது, குவளையில் துப்பிவிட்டு அவர் சொன்னார், ‘யாரையும் பயமுறுத்தாதம்மா, கூலியைக் கொறைச்சுக் குடுத்தான்ல உங்க மேஸ்திரி, அவனைப் பாக்கிற மாதிரி பாரு, போதும்.’ பார்த்தாள். சுவரில் கணக்குப்பிள்ளை விளக்கைப் போட்டு உடைத்துவிட்டுத் தானாகவே தண்ணீருக்குள் நடந்து போனான், அப்போதுதான் மெல்ல ஒரு தம்பூரா தொடங்கியது, கோடு நடுங்கத் தொடங்குகிற இடம். கோடு பொய் சொல்லியிருக்கிறது. ஆறு பாகம்தான் அசிங்கம். கடைசி இரண்டு பாகம் இது. பதினேழு தடவை இந்த முகத்தைத் தன் கையாலேயே வெட்டி அமிலத்தில் போட்டிருக்கிறாள்.

விளக்குப் போட்டார்கள். இளம்பரிதி எழுந்து நின்று சுவரைப் பார்த்தபடி, “இதான், இதான்” என்றான். அப்புறம் திரும்பினான். வாயைத் திறந்தவன் இவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றான். சுவரைப் பார்த்தான். மறுபடி இவளைப் பார்த்தான்.

“ஒன்பது வருஷம் தேடுனியே, நல்லாப் பாத்துக்கோ” என்றாள் சீனியம்மாள். “மேல வா.”

கேபினுக்குள் காடி வாசனை மூக்கைக் குத்தியது, பழைய பிலிம் அழுகத் தொடங்குகிற வாசனை. மைதீன் பாய் ஸ்டூலில் உட்கார்ந்து வலது உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தார். லென்ஸுக்கு முன்னால் வைத்த கை.

“உங்களுக்குத் தெரியுமா பாய்?”

“நீ ஆபீஸ் வாசல்ல டப்பா கழுவ வந்தியே, அன்னிக்கே தெரியும் ஆத்தா. குவாரிக்கு அடுத்த ஊருக் கொட்டகையில ஓட்டுனவன் நான்தான்.” அவர் அவளைப் பார்க்காமல் ரீலைப் பார்த்தார். “இந்தப் பெட்டிதான். ஒட்டுனதும் இந்தக் கைதான். அதனாலதான் எங்கன ஆரம்பிக்குது எங்கன முடியுதுன்னு கண்ணை மூடிக்கிட்டே தெரியும்.”

“அந்தக் கையில புத்து புறப்படாமப் போச்சே.”

“நடுக்கம் வந்துருச்சுல்ல, பாரு” என்று நீட்டிக் காட்டினார். நடுங்கத்தான் செய்தது. அவள் அதைப் பார்த்தாள், இரங்கவில்லை, இரங்குகிறதுக்கு இப்போது நேரமில்லை, அது இன்னொரு நாளைக்கு.

“பிரிங்க.”

“ஒட்டோட பிரிச்சா படத்துல ஒரு கட்டம்கூடப் போகாது. பாகம் போட்டு அளக்காதே, கத்திரி பைக்குள்ளயே கிடக்கட்டும்.”

“ஒரு நிமிஷம்” என்றான் இளம்பரிதி. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். “எனக்குப் புரியுதும்மா. அந்தக் காலத்துப் பிட்டுகளைப் பத்திப் படிச்சிருக்கேன். ஆனா கிடைச்ச பிரிண்டுல இருந்து எதையும் எடுக்கக்கூடாதுங்கிறது எங்க முதல் விதி. கெட்டதும் சரித்திரம்தான். அதைத் தனியா பூட்டி வச்சிடறோம். யாரும் பாக்க மாட்டாங்க, நான் சத்தியம் பண்றேன்.”

“போர்வை பிடிச்சவளுகளும் இதைத்தான்டா சொன்னாளுக.”

அவன் தரையைப் பார்த்தான். டா போட்டதற்காக அவள் வருத்தப்படவில்லை. எத்தனை பேரத்தில் பார்த்திருக்கிறாள், எதிராளி இந்த இடத்தில் கீழே பார்ப்பான், அப்போது குரலை ஏற்றக்கூடாது, இறக்க வேண்டும். இறக்கினாள்.

“கேளு தம்பி. பதினேழு பெட்டியை உருக்குன படுபாவி நான்தான். இன்னிக்குக் காலையில வரைக்கும் இதுக்கும் அதே கதிதான்னு இருந்தேன், நீ ரொம்ப முரண்டு பிடிச்சா. இப்ப அது முடியாது, அந்த மூஞ்சியை நானே இப்பத்தான் பாத்தேன். அது ஊரெல்லாம் ஓடணும், நீ எங்கெங்கே காட்டுவியோ காட்டு. ஆனா பெட்டி வேணுமா, பிட்டு வேணுமா? ஒண்ணுதான்.”

பாய் கையை ஊதுவதை நிறுத்திக்கொண்டார். தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனான். இளம்பரிதி கண்ணாடியை மாட்டினான்.

“பெட்டி” என்றான்.

பாய் பிளேடை எடுத்தார். நடுங்கின கை பிலிமைத் தொட்டதும் நின்றது, அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒட்டின் ஓரத்தில் பிளேடு முனையை நுழைத்து, ஈரப்பஞ்சால் ஒற்றி ஒற்றி, ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். பிரித்ததை அவள் கையில் கொடுத்தார். சுருட்டினாள், அவ்வளவு பெரியது, நாற்பத்தைந்து வருஷம், உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. ஒலிக்கோட்டைக்கூட இப்போது பார்க்கவில்லை. பாய் படத்தின் இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நபி பேரில் சொல்கிற ஸலவாத்து மாதிரி ஏதோ முணுமுணுத்தார்.

இளம்பரிதி பையிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தான். தயங்கினான். “இது ஒண்ணு மட்டும் விடமுடியாதும்மா. பிரிண்டுல எது குறைஞ்சாலும் குறிப்பு எழுதணும். இல்லேன்னா பின்னால வர்றவங்க சென்சார் வெட்டினதுன்னு எழுதிடுவாங்க.”

“சென்சார் எங்க வெட்டுனான்? எழுது. பதினோராவது ரீல், முப்பது அடி.”

எழுதினான். “எடுத்தவர்னு ஒரு கட்டம் இருக்கு.”

“சீனியம்மாள், மோகினியா நடிச்சவ.”

“காரணம்?”

அவள் யோசித்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது, ஒரு கட்டத்துக்குள் அடங்குகிறதாக இல்லை, சுத்தியல்கள் இருந்தன, கவிழ்த்த கூடை இருந்தது, போர்வை பிடித்த பெண்களின் பேர்கூட இருந்தது.

“என்னோடதுன்னு எழுது” என்றாள். “அவ்வளவு போதும்.”

அவன் எழுதி முடித்ததும் தாளைக் கையில் வாங்கி, கண்ணாடிக் கூட்டைத் திறந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். படித்துவிட்டு அவனிடமே திருப்பி நீட்டினாள்.

“சீனியம்மாளுக்குக் கடைசி எழுத்துல புள்ளியைக் காணோம். வை.”